முதல் தேர்வுக்கு ஈடாக ஜெசிந்தா

டிசம்பர் 19

இன்றும் உவரிக்குப் போய் வந்தேன். செருப்பு, பை, காது எல்லாம் மணல். எங்கள் வாலிபால் லீக்கில் கடைசி இடம் வரும் அணிக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. அடுத்த சீசனுக்குப் புதுப் பெண்களை எடுக்கும்போது முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குத்தான். போன வருடம் எங்கள் பொருநை அணிதான் கடைசி, மானம் கப்பலேறியது. அதனால் உதவிப் பயிற்சியாளர் பேச்சியம்மாளாகிய நான் இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் ஊர் ஊராக அலைந்தேன். கடைசியில் ஆள் கிடைத்துவிட்டது.

பெயர் செல்சியா. நல்ல உயரம். கடற்கரையில் கோயிலுக்குப் பின்னால் வலை கட்டி ஆடுகிறாள். அவள் சர்வ் போட்டால் பந்து சுற்றாது, ஆடி ஆடி வரும். நான் மணலில் குத்தவைத்து வாரக்கணக்காக அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் தூக்கிப் போட்டால் வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழும். நேராகத் தூக்கினால் நீளமாகப் போகும், பின்கோட்டையும் தாண்டிவிடும். இது அவளுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் இவர் கேட்டார், "ஏளா, ஒன் மவள மாதிரி பேசுதியே?" பேசினால் என்ன? நான் கண்டுபிடித்த பிள்ளை.

டிசம்பர் 27

பெருமாள் சார் போன் செய்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். எங்கள் பயிற்சியாளர் சாப்பாட்டை விசாரித்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"முதல் தேர்வ அண்ணாச்சி முத்துநகர் டீமுக்குக் குடுத்துட்டாவ. பதிலுக்கு அவிய நமக்கு ஒராளத் தாராவ."

"யாரு சார்?"

"நம்ம ஜெசிந்தா."

நம்ம ஜெசிந்தாவாம், நம்ம. அவளுக்கு முப்பத்தேழு வயது. எனக்கு முப்பத்து நான்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் "வயசாயிட்டும்மா, முட்டி தாங்காது" என்று சொல்லி என் சட்டையை வாங்கிக்கொண்டு கையில் விசிலைக் கொடுத்தவர் எங்கள் அணியின் முதலாளி, இதே அண்ணாச்சிதான். பாத்திரக்கடை வைத்திருப்பவருக்குப் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கத்தான் தெரியும் என்று நினைத்தேன். இவர் புதுசைப் போட்டுப் பழசை வாங்கியிருக்கிறார். அதுவும் என்னைவிடப் பழசை.

செல்சியாவை இனி முத்துநகர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் மணலில் உட்கார்ந்ததெல்லாம் மணலோடு போயிற்று.

டிசம்பர் 28

சோறு இறங்கவில்லை. இவர் என் பங்கு மீனையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஜனவரி 4

வந்துவிட்டாள். பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வரும் வேலை யாருக்கு? எனக்குத்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

தலையில் பாதி நரை. சாயம்கூடப் பூசவில்லை. நான் மாதம் தவறாமல் பூசுகிறேன், இருந்தும் எனக்குத்தான் வயதாகிவிட்டதாம். இறங்கியதும் கட்டிப்பிடித்து, "ஏட்டி பேச்சி, மெலிஞ்சிட்டியே!" என்றாள். போன மாதம்தான் ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தேன். குத்திக் காட்டுகிறாளா, பிரியமாகத்தான் சொல்கிறாளா என்பது விளையாட்டு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த காலத்திலேயே எனக்குப் புரிந்ததில்லை.

இரண்டு பேருக்கும் அப்போதிருந்தே ஒரே வேலை. லிபரோ. பின்வரிசையில் நின்று எதிரணியின் சர்வை வாங்குகிறவள். அடிக்கக் கூடாது, சர்வ் போடக் கூடாது, வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு மட்டும் சட்டை வேறு நிறம். விடுதியில் ஒரே ஒரு மாற்று நிறச் சட்டைதான் இருந்தது, அதை ஜெசிந்தாதான் போட்டாள். அவள் அங்கிருந்து போகும்வரை நான் மூலையில் நின்றேன்.

மூலையில் நிற்பதும் ஒரு வேலைதான். களத்துக்கு வெளியே பின்கோட்டுக்கு நேராக நிற்பவளுக்குத்தான் பந்து கோட்டுக்குள் விழுமா வெளியே போகுமா என்பது தெரியும். "உள்ள" என்று கத்தினால் எடுக்க வேண்டும், "வெளிய" என்றால் விட்டுவிட வேண்டும். களத்தில் இருப்பவள் யோசிக்கவே கூடாது. மூலைக்காரி சொல்தான் சொல். எங்கள் விடுதிச் சட்டம் இது, இன்றைக்கும் பொருநை அணியில் இதுதான் சட்டம்.

ஜனவரி 6

ஒரு நல்ல சேதி. இரண்டாவது லிபரோவாக என் பெயரையும் பதிவு செய்திருக்கிறார்கள்! உதவிப் பயிற்சியாளர் ஆட்டக்காரியாகவும் இருக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறதாம். பெருமாள் சாருக்கு இப்போதாவது புத்தி வந்ததே. "ஏன் சார் திடீர்னு?" என்று கேட்டேன். "ஒரு ஆளு பிடிவாதமா நின்னுது" என்று சொல்லிவிட்டு ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி மனைவியாகத்தான் இருக்கும். அந்த அம்மாவுக்கு என் ஆட்டம் ரொம்பப் பிடிக்கும்.

முட்டிக்குத் தைலம் வாங்கினேன்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து இன்றுதான் முழுப் பயிற்சி. உதவிப் பயிற்சியாளர் சர்வ் போட வேண்டும், ஜெசிந்தா வாங்க வேண்டும். போட்டேன். கை சிவக்க, தோள் கழல, அவள் மூக்கைக் குறிவைத்துப் போட்டேன். அத்தனையையும் வாங்கி, தூக்கிக் கொடுக்கும் பிள்ளையின் தலைக்கு மேலே பூப்போல வைத்தாள். ஓடுவதில்லை. பந்து வருகிற இடத்தில் முன்னாடியே போய் நின்றுகொள்கிறாள். கடன்காரன் வருவது தெரிந்து வாசலில் நிற்பவள் மாதிரி.

முடிந்ததும் தண்ணீர் குடித்துக்கொண்டே, "நீ நல்லாத்தான் போடுத. கோவத்துல இன்னும் நல்லா போடுத" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிற்றுக்குள் அடுப்பு எரிந்தது.

ஜனவரி 25

முதல் ஆட்டம். நேர் செட்டில் வென்றோம். போன வருடம் முழுக்க வென்றதே இரண்டு ஆட்டம்.

அண்ணாச்சி களத்துக்கே வந்து, ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை என்று ஜெசிந்தாவுக்கு ஒரு பெரிய இட்லிக் கொப்பரை கொடுத்தார். பளபளவென்று முகம் தெரிகிறது அதில். நான் ஆறு வருடம் ஆடியும் எனக்குக் கிடைத்தது ஒரு வடிதட்டு.

பிப்ரவரி 2

மறுபடியும் வெற்றி. மறுபடியும் அவளுக்குப் பாத்திரம். சீசன் முடிவதற்குள் அவள் ஒரு ஹோட்டலே வைத்துவிடலாம்.

பிப்ரவரி 10

சொல்லாமல் கொள்ளாமல் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த இட்லிக் கொப்பரை. "நான் ஒத்தையில கெடக்கேன், எனக்கு எதுக்குட்டி இது? நீ வச்சிக்கோ" என்றாள். எச்சில் இலை மாதிரி இருந்தது எனக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் இவர் வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அதோடு நின்றாரா? மின்கம்பத்தில் ஏறுகிற மனிதர், வாலிபாலில் வல்லுநர் ஆகிவிட்டார். "நீங்க அன்னைக்கு விழுந்து எடுத்தீங்களே ஒரு பந்து!" என்று ஆரம்பித்து அரை மணி நேரம். நான் விழுந்து எடுத்த பந்துகளைப் பற்றி இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. விழுந்ததற்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "முத்துநகர்ல அந்த உவரிப் பிள்ள ஒரேயடியா சாத்துதாமே. நீதான அவள முழுசாப் பாத்தவ. அவ சர்வு எப்படிட்டி?"

"சாதாரண சர்வுதாங்க்கா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் அவசரத்தில் இருந்தாள். வாசலில் நின்று பேசுகிற விஷயமா அது?

பிப்ரவரி 11

கொப்பரையில் இட்லி நன்றாகத்தான் வருகிறது.

பிப்ரவரி 23

அரையிறுதிக்கு வந்துவிட்டோம்! அண்ணாச்சி கடையில் வெடி போட்டார்களாம். எதிரணி முத்துநகர். கொடுத்த பிள்ளையும் வாங்கிய கிழவியும் நேருக்கு நேர் என்று ஊரே பேசுகிறது. என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. சீசன் முழுக்க நான் ஒரு தடவைகூடக் களத்தில் இறங்கவில்லை. மாற்று நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூலையில் நின்று உள்ள, வெளிய என்று கத்திக்கொண்டிருக்கிறேன். விடுதிக் காலம் திரும்பிவிட்டது.

பெருமாள் சார் பிள்ளைகளை உட்கார வைத்து, செல்சியாவைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார். நல்ல உயரம், கை நீளம், சர்வ் ஆடி ஆடி வரும், கவனமாக இருங்கள் என்றேன். எல்லாம் உண்மைதான். ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 1

தோற்றுவிட்டோம். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட், பதினைந்து புள்ளி. தொடக்கத்திலேயே செல்சியா சர்வுக்கு வந்தாள். இடப்பக்கம் தூக்கிப் போட்டாள். எனக்கு மூலையிலிருந்தே தெரிந்துவிட்டது, பந்து பொத்தென்று விழப்போகிறது. ஜெசிந்தா பின்னால் நின்றிருந்தாள். பாய்ந்தாள், எட்டவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது அவள் மணிக்கட்டில் பட்டுப் பார்வையாளர் பக்கம் போனது. கூட்டம் "கெழவி, கெழவி" என்று கத்தியது. சீசன் முழுக்க நான் மனசுக்குள் சொன்ன வார்த்தைதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது சகிக்கவில்லை.

அப்போது ஜெசிந்தா கையைத் தூக்கினாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து, "போ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் பிடித்தவள் குத்தவைக்க முடியுமா என்று ஒரு நொடி தோன்றியது. யோசிக்க நேரமில்லை.

இடப்பக்கம் தூக்கினாள் செல்சியா. நான் ஏற்கெனவே முன்னால் வந்து நின்றிருந்தேன். பந்து என் கையில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, இரண்டு வருடமாக நான் கேட்காத சத்தம்! எங்கள் பிள்ளை அடித்தாள், புள்ளி. அதற்குப் பிறகு யார் சர்வ் போட்டாலும் வாங்கினேன். முட்டி இருக்கிற நினைப்பே இல்லை. கூட்டத்தில் இவர் எழுந்து நின்று "ஏ பேச்சி!" என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னாலேயே வந்து கிட்டத்தட்ட பிடித்துவிட்டோம்.

13-14. மறுபடி செல்சியா சர்வ். இந்தத் தடவை நேராகத் தூக்கினாள். நேராகத் தூக்கினால் நீளம், நீளம் என்றால் வெளியே. உவரியில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பந்து என் தோளுக்கு மேலே வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

கோட்டிலேயே விழுந்தது.

உவரியில் அவள் முதுகுக்குப் பின்னால் கடல் காற்று இருந்தது. இங்கே நான்கு பக்கமும் கட்டிடம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மூலையிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கூச்சலில் "உள்ள, பேச்சி, உள்ள" என்று அவள் அடித்தொண்டையில் கத்துவதெல்லாம் யார் காதில் விழும்?

மார்ச் 2

கேட்கவில்லை. பெருமாள் சாரிடமும் அதையே சொன்னேன்.

மார்ச் 4

முட்டி வீங்கிவிட்டது. இவர் தைலம் தேய்த்துக்கொண்டே, "நீ அவ்வளவு நல்லா ஆடுவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அழுகை வந்தது. தைலக் காரம் என்றேன்.

மார்ச் 8

கடை மாடியில் அண்ணாச்சி தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு போட்டார். அணி முழுக்க இருந்தது. இலை போட்டதும் பேச எழுந்தார்.

"பேச்சிய வயசாயிட்டுன்னு ஒதுக்குனது நாந்தான். ஒத்துக்கிடுதேன், அது தப்பு. எத்தன சர்வு, அந்தக் கடைசி ஒண்ணத் தவிர எதையும் கீழ விடலியே!" என்று சொல்லி, ஐந்து லிட்டர் குக்கரைத் தூக்கி என் மடியில் வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த வருடம் நான்தான் முதல் லிபரோ என்றார். இரண்டு வருடமாக நான் சாமியிடம் கேட்டதெல்லாம் சொதி வாசனையோடு சேர்ந்து வந்து நின்றது.

பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "ஒன்னயத்தான் சொல்லணும். ஒனக்காவ முதல் தேர்வையே குடுத்தேன். முக்கியமான நேரத்துல காலப் பிடிச்சிட்டு உக்காந்துட்ட. சரி, மூலையில நின்னியே, ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"தப்புதான் அண்ணாச்சி. வாயடச்சிப் போச்சி, கூப்பிடல" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்பளத்தை எடுத்து வை என்பது போல. பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். பெருமாள் சார் என்னைப் பார்த்தார், நான் குக்கரைப் பார்த்தேன். அதில் என் முகம் அகலமாகத் தெரிந்தது.

வெற்றியிலும் அவள் மேலே, தோல்வியிலும் அவளே மேலே. பழியைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாளா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது. முன்னெப்போதும் வராத அளவுக்கு வந்தது.

அண்ணாச்சி விடவில்லை. "இதுல பேச்சி பேரையும் சேத்தாத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னவ நீ. அதுக்காவது நன்றி. அவ இல்லன்னா மானம் போயிருக்கும். அடுத்த வருசம் நீ வேற டீம் பாத்துக்கோம்மா."

நான் எழுந்து நின்றேன். முட்டி வலித்தது. குக்கரைக் கீழே வைக்க இடமில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டே பேசினேன்.

"கேட்டுச்சி அண்ணாச்சி."

"என்னம்மா கேட்டுச்சி?"

"அக்கா கூப்பிட்டா. உள்ளன்னு ரெண்டு தடவ கூப்பிட்டா. எனக்கு நல்லாக் கேட்டுச்சி. அவ சொல்லி நான் எடுக்கணுமான்னு விட்டுட்டேன். அந்தப் பிள்ள எந்தப் பக்கம் தூக்குனா எங்க விழும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதையும் அவகிட்ட சொல்லல. நான் மறைச்சது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் காலு பிடிச்ச மாதிரி நடிச்சி என்ன உள்ள அனுப்புனா."

சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குக்கர் மூடி கடகடவென்று ஆடியது.

ஜெசிந்தா அக்கா இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கொஞ்சம் அலுப்புதான் இருந்தது முகத்தில்.

"பந்தத்தான் கீழ விட்ட" என்றாள். "குக்கரையாவது ஒழுங்காப் பிடிட்டி."

மார்ச் 11

பெருமாள் சார் போன் செய்தார். சாப்பாட்டை விசாரித்துவிட்டுச் சொன்னார். அடுத்த வருடத்துக்கும் ஜெசிந்தா அக்காதான் முதல் லிபரோவாம். என் பெயரை எடுத்துவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னாராம், அவள் மறுபடியும் ஒற்றைக்காலில் நின்றாளாம். ஆக, நான் மூலைக்கு.

வயிறு எரிகிறது. இவ்வளவுக்கும் பிறகும் எரிகிறது, என்ன செய்ய? நாளைக் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறாள், செல்சியா போடுகிற மாதிரி இடப்பக்கம் தூக்கிச் சர்வ் போட வேண்டுமாம். தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறேன்.